மெட்ராஸ் கடைப் பெயர் பொறித்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி: அதில் எந்தத் தோட்டாவைப் போடலாம்?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஏலத்தில் பழைய 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டியில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கிறது. மவுண்ட் ரோடு கடிகாரக் கடையின் பெயரைப் பார்த்ததும் விட மனம் வரவில்லை என்கிறார். டமாஸ்கஸ் குழல்கள், அதாவது இரும்பு, எஃகு இழைகளை முறுக்கிச் செய்தவை. குழல்களைக் கழற்றிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் வைரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழ் 'சி', கிரீடத்துக்குக் கீழே 'என்பி', பக்கத்தில் 13/1, 1⅛ அவுன்ஸ். கடைக்காரர் 2¾ அங்குலத் தோட்டா ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார். பெட்டியில் 'லோ ரீகாயில்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. தோட்டா சிக்கலில்லாமல் உள்ளே போகிறது, துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொள்கிறது. சுடலாமா? டமாஸ்கஸ் என்பதாலேயே பயப்பட வேண்டுமா, தோட்டாவைத் தானே அடைக்கலாமா என்றும் கேட்கிறார்.

வேண்டாம். அந்தப் பெட்டி இந்தத் துப்பாக்கிக்கு உரியதல்ல. துப்பாக்கியையே யாராவது அளந்து பார்க்கும் வரை வேறு எந்தப் பெட்டியும் வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நம்பிய மூன்று அடையாளங்களும், அதாவது தோட்டா உள்ளே போவது, துப்பாக்கி மூடுவது, உதை குறைவு என்ற வாசகம், அழுத்தத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். பட்டியில் இருக்கும் பெயர் விற்ற கடையின் பெயர். பர்மிங்ஹாமில் செய்து, விற்கப்போகும் கடையின் பெயரைப் பொறித்து அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். குழலின் அடியில் இருக்கும் முத்திரைகள்தான் உண்மையான ஜாதகம். இங்கிலாந்தில் குழல்களைச் சோதிக்கும் அதிகாரம் இரண்டே இடங்களுக்கு: லண்டனில் 1637-இல் சாசனம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கம், பர்மிங்ஹாமில் 1813-இல் சட்டம் போட்டு அமைத்த புரூஃப் ஹவுஸ். வழக்கமான தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, குழல் வீங்காமல் வெடிக்காமல் நின்றால் முத்திரை குத்துவார்கள்.

கிரீடத்தோடு கூடிய 'என்பி' என்பது நைட்ரோ புரூஃப். கரிமருந்துக்கு மட்டுமல்ல, புகையில்லா மருந்துக்கும் சோதித்தது என்று பொருள். பர்மிங்ஹாமில் இந்த வடிவம் 1904 விதிகளோடு வந்தது. 1925 விதிகளுக்குப் பிறகு தோட்டா அறையின் நீளத்தை, அதாவது சேம்பர் நீளத்தை, அங்குலத்தில் எண்ணாகவே குத்த ஆரம்பித்தார்கள். உங்கள் துப்பாக்கியில் அந்த எண் இல்லை, வைரக் கட்டம் மட்டும் இருக்கிறது. ஆகவே அது 1904-க்கும் 1925-க்கும் இடையே சோதிக்கப்பட்டது. வைரக் கட்டத்தில் வெறும் 'சி' இருந்தால் சேம்பர் மூன்று அங்குலத்துக்குக் குறைவு என்றுதான் தெரியும். எவ்வளவு குறைவு என்று தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்து 12 போர் என்றால் பெரும்பாலும் 2½ அங்குலம், இன்றைய பெட்டிகளில் 65 மி.மீ. என்று போடுவது. 1⅛ அவுன்ஸ் என்ற குறிப்பும் அதற்கே பொருந்துகிறது. ஆனாலும் ஊகத்தை நம்ப வேண்டாம். சேம்பர் கேஜ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உள்ளே விட்டால் எங்கே முட்டி நிற்கிறதோ அதுதான் நீளம். இடைப்பட்ட காலத்தில் யாராவது சேம்பரைக் குடைந்து நீளமாக்கியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

அந்த 1⅛ அவுன்ஸைப் பார்த்துப் பலர் தவறாக நினைக்கிறார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் மொத்த எடை அது, ஏறத்தாழ 32 கிராம். 'இன்றைய 32 கிராம் தோட்டாவைப் போடலாம் என்று புரூஃப் ஹவுஸே எழுதிக் கொடுத்திருக்கிறதே' என்பார்கள். அன்று இருந்த மருந்துகளோடு சேர்த்து அனுமதித்த உச்ச எடை அது. அழுத்தத்தை எண்ணாக எழுதும் பழக்கமே இங்கிலாந்தில் 1954-இல்தான் வந்தது.

இனி, தோட்டா உள்ளே போவது பற்றி. பெட்டியில் போட்டிருக்கும் 65, 70 மி.மீ. என்பதெல்லாம் சுட்ட பிறகு, வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டாவின் முனையை நட்சத்திர மடிப்பாக உள்ளே மடித்திருப்பதால் அது 60 மி.மீ.-க்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் 65 மி.மீ. சேம்பரில் அது வசதியாகவே உட்காரும். சிக்கல் சுடும்போதுதான். மடிப்பு விரியும்போது கூட்டின் வாய் சேம்பரைத் தாண்டி, குழல் குறுகத் தொடங்கும் கூம்புப் பகுதிக்குள் போய் நிற்கும். குண்டும், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் 'வாட்' என்ற அடைப்பும் அந்தக் குறுகிய வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அப்படிச் சுட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள்: மடிப்பின் ஆறு அல்லது எட்டு இதழ்களின் நுனி நைந்து, நார் நாராக, சில இடத்தில் மெழுகு உருகினாற்போல் இழுபட்டிருக்கும். கூம்பின் சரிவு மென்மையாக இருந்தால் அழுத்தம் கொஞ்சம்தான் ஏறும். செங்குத்தாக இருந்தால் கூடுதலாக ஏறும். நீளம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பல துப்பாக்கிகள் தாக்குப்பிடித்துவிடும். ஆனால் 70 மி.மீ. கூட்டுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இப்போது அந்த 'லோ ரீகாயில்' வாசகத்துக்கு வருகிறேன். கடைக்காரர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் மிக அதிகமான பேர் ஏமாறுகிறார்கள். உதை என்பது எவ்வளவு எடையை எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளுகிறோம், துப்பாக்கியின் எடை என்ன என்பதைப் பொறுத்தது. உச்ச அழுத்தம் என்பது மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது, அதை எவ்வளவு இடத்துக்குள் அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு. 24 கிராம் குண்டு போட்ட மெல்லிய தோட்டாவுக்கு விரைவாக எரியும் மருந்தைப் போடுவதுதான் ஆலைக்கு லாபம்: கொஞ்சம் மருந்து போதும், எடை குறைந்த குண்டுக்குப் பின்னாலும் சுத்தமாக எரியும். விளைவு, தோளில் உதை தெரியாது, ஆனால் சேம்பருக்குள் அழுத்தம் ஊசிபோல் எகிறி இறங்கும். மெதுவாக எரியும் மருந்து போட்ட 30 கிராம் தோட்டா தோளில் கூடுதலாக உதைத்தாலும், குழலுக்குள் அதைவிடக் குறைந்த அழுத்தத்தைத் தரலாம். ஆக, உதையை வைத்து அழுத்தத்தைக் கணிக்கவே முடியாது. பெட்டியில் 'டிராம்' கணக்கில் போடும் எண்ணும் வேகத்துக்கான பழைய ஒப்பீடுதான். அதுவும் அழுத்தத்தைச் சொல்லாது.

அமெரிக்கத் தரப்படி 2¾ அங்குல 12 போர் தோட்டாவின் சராசரி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு வரை போகலாம். ஐரோப்பியத் தரப்படி சாதாரணத் தோட்டாவுக்கு 740 பார், அதாவது ஏறத்தாழ 10,700 பவுண்டு. உங்கள் துப்பாக்கி பிறந்த காலத்தில் 2½ அங்குலத் தோட்டாவுக்கு எதிர்பார்த்த அழுத்தம் இன்றைய கருவியில் அளந்தால் ஏறத்தாழ 9,000 பவுண்டு, அதுவும் உச்சம். நூறு வயதான, எத்தனை கை மாறியது என்றே தெரியாத குழலுக்கு நான் அவ்வளவு தூரம்கூடப் போக மாட்டேன். 7,000 பவுண்டை ஒட்டி இருக்கும் தோட்டாக்களையே தேடச் சொல்வேன்.

எண்களைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். 1954-க்குப் பிறகு சோதித்த இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் '2½ அங்குலம், 3 டன்' என்று இருக்கும். மூன்று டன்னை 2,240-ஆல் பெருக்கி 6,720 பவுண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். அது செம்பு உருளையை நசுக்கி அளந்த அளவு. செம்பு நசுங்கும் வேகத்தைவிட அழுத்தம் வேகமாக ஏறி இறங்கிவிடுவதால் உருளை உச்சத்தை முழுதாகக் காட்டாது. அதே தோட்டாவை இன்றைய மின்னணு உணரியில் அளந்தால்தான் முன்பு சொன்ன 9,000 வருகிறது. பழைய புத்தகத்து டன்னையும் புதிய பெட்டியின் பவுண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இரண்டாவது இடறல் இதைவிட ஆபத்தானது. பிற்காலத்து முத்திரைகளில் '850 பார்' என்று இருக்கும். அது 12,300 பவுண்டுக்கு மேல் வருவதால், 11,500 தோட்டா தாராளமாகப் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 850 பார் என்பது சோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே கூட்டிச் சுட்ட அழுத்தம். தினமும் சுட வேண்டிய அழுத்தம் அதைவிட வெகுவாகக் கீழே.

டமாஸ்கஸ் என்பதாலேயே பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்பு, எஃகு இழைகளை முறுக்கி, பட்டையாக அடித்து, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றி நெருப்பில் ஒட்டவைத்த குழல் அது. மேலே தெரியும் அலையலையான கோலம் அந்த முறுக்கிலிருந்து வருவது. நல்ல பட்டறையில் செய்தது பலவீனமானதல்ல. 1891-இல் பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் பலவகைக் குழல்களை வெடிக்கும் வரை சோதித்தபோது, இழைகளைச் சேர்த்து அடித்த நல்ல ஆங்கிலக் குழல்கள் முன்வரிசையில் நின்றன. உங்களுடையது நைட்ரோ சோதனையும் தாண்டியிருக்கிறது. ஆகவே 'டமாஸ்கஸா, சுவரில் மாட்டு' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த முத்திரை, குத்திய அன்றைய நிலைமைக்குத்தான் சாட்சி. அதற்குப் பிறகு குழலுக்கு என்ன நடந்தது என்பதுதான் உயிர்போகும் விஷயம்.

உங்கள் துப்பாக்கி மெட்ராஸில் விற்றது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலத் தோட்டாக்களின் கேப்பில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், குளோரேட் உப்பு இருந்தது. சுட்டதும் அது குழலுக்குள் உப்பாகப் படியும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்று, மழைக்காலம், சுட்ட அன்றே வெந்நீரும் எண்ணெயும் போட்டுத் துடைக்காத ஒரு வேலையாள் இருந்தால் போதும், உட்சுவரில் துரு குழி குழியாகத் தின்றுவிடும். பிறகு யாராவது ஒரு மெக்கானிக் அந்தக் குழிகள் மறையும் வரை உட்சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். குழல் கண்ணாடிபோல் மின்னும், சுவர் மெலிந்திருக்கும். ஏலத்தில் 'உட்புறம் கண்ணாடி' என்று போட்டிருந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் சுவரை அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்றால், முதலில் பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே குழலின் உள்விட்டம். உங்கள் முத்திரை 13/1. அதன் பொருள் சோதித்த அன்று உள்விட்டம் 0.719 அங்குலம். இப்போது அது 0.729-ஐத் தொட்டிருந்தால், அதாவது அடுத்த அளவான 12-க்கு வந்திருந்தால், பழைய முத்திரை செல்லாது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட துப்பாக்கியை மறுபடி சோதிக்காமல் விற்பதே குற்றம். அமெரிக்காவில் அந்தச் சட்டம் இல்லை, அரசு சோதனைக்கூடமும் இல்லை. அதனால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். இரண்டாவது, சுவரின் கனம். அதற்கென்று தனி கேஜ் இருக்கிறது. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்து, குழலைச் சுற்றிச் சுற்றி அளக்க வேண்டும், ஏனென்றால் ஒருபக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது சகஜம். முன்பகுதியில் மிக மெலிந்த இடத்தில் 0.020 அங்குலத்துக்குக் குறைந்தால் இங்கிலாந்துப் பட்டறைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். சேம்பர் முடியும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரம் வரை, இடது கை பிடிக்கும் இடத்தில், சுவர் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெடித்தால் விரல் போவது அங்கேதான்.

அதோடு, இரண்டு குழலையும் கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் பட்டியின் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. 'டப்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் குழலை வெளியிலிருந்து தின்றுகொண்டிருக்கும். குழல் மூடும்போது ஆட்டம் இருக்கிறதா, கட்டையின் தலைப்பகுதியில் எண்ணெய் ஊறி மரம் கறுத்திருக்கிறதா என்பதையும் அதே பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, விசையில் நீளமான கயிறு மாட்டி, மரத்துக்குப் பின்னால் நின்று பெரிய தோட்டா இரண்டு சுட்டுப் பார்த்துவிட்டு 'தாங்கிவிட்டது' என்பார்கள். அது எதையும் நிரூபிப்பதில்லை. சோதனைக்கூடத்தில் சுடுவதற்கு முன்னும் பின்னும் அளப்பார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வீங்கினாலும் தெரியும். டயரில் கட்டிச் சுட்டவருக்கு, நல்ல குழலையே அன்று கெடுத்துவிட்டோமா என்பதுகூடத் தெரியாது.

அளவுகள் சரியாக வந்தால், என்ன வாங்கலாம்? அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளுக்கென்றே 2½ அங்குலக் குறைந்த அழுத்தத் தோட்டா செய்தவர்களில் ஆர்எஸ்டி, பாலிவாட் ஆகிய இரண்டு பெயர்களும் பழைய துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரிந்தவை. இங்கிலாந்தின் ஈலி, ஹல் நகரத்து கேம்போர், ஹல் கார்ட்ரிட்ஜ் ஆகியவையும் 65, 67 மி.மீ. தோட்டா செய்கின்றன. 67 என்றதும் பதற வேண்டாம், '65 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்ட சேம்பர்களுக்கு' என்று பெட்டியிலேயே எழுதியிருந்தால் அது அதற்காகவே செய்தது. ஆனால் 65 மி.மீ. என்பதும் தானாகவே குறைந்த அழுத்தம் ஆகிவிடாது. ஐரோப்பியத் தரத்தின் 740 பார் அதற்கும் பொருந்தும். ஆகவே வாங்குவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதி, குறிப்பிட்ட அந்தத் தோட்டாவின் சராசரி அழுத்தம் என்ன என்று கேளுங்கள். பழைய துப்பாக்கிகளுக்கென்று செய்பவர்கள் தயங்காமல் எண்ணைச் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம்.

எடையைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: துப்பாக்கியின் எடை குண்டின் எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 6½ பவுண்டு துப்பாக்கி என்றால் 104 அவுன்ஸ். அதை 96-ஆல் வகுத்தால் 1 அவுன்ஸுக்குச் சற்று மேல், 30 கிராம் சுமார். அது உச்சம். நூறு வருடக் கட்டையை மனதில் வைத்து 24 முதல் 28 கிராம் வரை போதும் என்பேன். பயிற்சிக்காக வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட அதற்கு மேல் தேவையும் இல்லை. அழுத்தம் குழலைக் காக்கும் கணக்கு, எடை கட்டையையும் பூட்டையும் காக்கும் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

குண்டின் உலோகம் இப்போது முன்பைவிடக் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் 1991-இலிருந்து கிடையாது. இங்கிலாந்தில் 2020 பிப்ரவரியில் ஒன்பது அமைப்புகள் சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் ஈயத்தை விட்டுவிட வேண்டும் என்று அறிவித்தன. பிறகு அரசும் தடையை நோக்கி நகர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் இரும்புக் குண்டு போட்ட தோட்டாவைத்தான் முதலில் நீட்டுவார்கள். உங்கள் குழலில் அது கூடாது. ஈயம் சோக் வழியாக, அதாவது குழல் முனையில் குறுகும் இடத்தின் வழியாக, போகும்போது நசுங்கிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. மெல்லிய பழைய குழல் வீங்கும், டமாஸ்கஸில் கீறும். ஈயம் கூடாத இடத்தில் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டு போட்ட தோட்டாவை வாங்குங்கள். அடர்த்தி ஏறத்தாழ 9.6, ஈயத்துக்கு 11.3, இரும்புக்கு 7.8. மென்மையானது, பழைய குழலுக்கு ஒத்துப்போகும். விலை கசக்கும். பிஸ்மத் என்பதற்காக 70 மி.மீ. வாங்கிவிடாதீர்கள், நீளமும் அழுத்தமும் மேலே சொன்னபடியே பார்க்க வேண்டும்.

நீங்களே தோட்டா அடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடைக்கலாம், ஆனால் மருந்து நிறுவனம் அழுத்தத்தோடு வெளியிட்ட அட்டவணையை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். கூடு, கேப், வாட், குண்டு, மருந்து, ஐந்தில் எதை மாற்றினாலும் அட்டவணை அந்தத் தோட்டாவுக்குச் செல்லாது. கேப்பை மட்டும் வேறு வகைக்கு மாற்றினாலே அழுத்தம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் நகரலாம். ஈயத்துக்கு எழுதியதில் பிஸ்மத் போடுவதும் இதே தவறு. தோட்டா அடைத்துப் பழக்கம் இல்லாதவர் இந்தத் துப்பாக்கியில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சேம்பரை 70 மி.மீ.-க்குக் குடைந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே உலோகத்தை எடுப்பது அது. குடைந்த பிறகு கடையில் கிடைக்கும் எந்த 2¾ அங்குலத் தோட்டாவும் நீளத்தில் பொருந்தும். அப்புறம் அதில் 11,500 பவுண்டுத் தோட்டாவைப் போடவிடாமல் யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைசியாக, எந்த அழுத்தக் கணக்கும் காப்பாற்றாத ஒன்று. 20 போர் தோட்டா 12 போர் சேம்பருக்குள் விழுந்தால் நழுவி முன்னே போய்க் கூம்பில் அடைத்து நிற்கும். பின்னால் பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். அதன் மேல் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் எந்தக் குழலும் வெடிக்கும், நேற்று செய்ததானாலும் சரி. 20 போர் கூட்டை மஞ்சளாகச் செய்வது இதற்காகத்தான். வீட்டில் இரண்டு போரும் இருந்தால் ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் போடவே வேண்டாம். தட்டு சுடும்போது சத்தம் வழக்கத்துக்கு மாறாக 'புஸ்' என்று கேட்டாலும் அடுத்த தோட்டாவைப் போடுவதற்கு முன் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். வாட் உள்ளேயே சிக்கியிருக்கலாம்.

அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் கைப்பழக்கம் உள்ள பட்டறை ஒன்றில் குழல்களைக் கொடுத்து, சேம்பர் நீளம், 9 அங்குலத்தில் இரு குழலின் உள்விட்டம், சேம்பர் முடிவில், 9 அங்குலத்தில், மிக மெலிந்த இடத்தில் சுவரின் கனம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்த எண்களை இங்கே போட்டால், எந்தத் தோட்டா என்று சேர்ந்து பார்க்கலாம்.